பகல் போதாத கண்கள்

கொல்லிமலையில் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ இருப்பவர் கண்ணாடி மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் கீழே இறங்கித்தான் வருவார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக் காரவள்ளி, அடுத்து சேந்தமங்கலம், பிறகு நாமக்கல். பவர் எழுதி வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தால், ஃபிரேம் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "செல்போன் அதிகம் பாப்பீங்களா? அப்ப ப்ளூ கட் போட்டுக்குங்க." கூடவே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு லேசர் பேனா வெளியே வரும். சாதாரண லென்ஸ் வழியே அடித்தால் அட்டையில் ஊதாப் புள்ளி விழுகிறது. ப்ளூ கட் லென்ஸைக் குறுக்கே பிடித்தால் புள்ளி காணாமல் போகிறது. கண்ணெதிரே நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது? கூடுதல் பணம் கைமாறுகிறது.

அந்தச் செய்முறையில் பொய் இல்லை, பொருத்தம்தான் இல்லை. இப்படிப்பட்ட பேனாக்களில் வருவது பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீள ஊதா ஒளி. மனிதக் கண் பார்க்கக்கூடிய ஒளியின் விளிம்பு அது. செல்போன் திரையின் நீலமோ 450 நானோமீட்டரை ஒட்டித்தான் உச்சம் தொடுகிறது. ஊதாவை முழுதாக விழுங்கும் அதே லென்ஸ் 450-இல் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. விட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் உலகமே மஞ்சளாகத் தெரியும், அந்தக் கண்ணாடியை யாரும் வாங்க மாட்டார்கள். இத்தகைய லென்ஸ்கள் தடுப்பது நீல ஒளியில் சுமார் 10 முதல் 25 சதவீதம். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023-இல் இவ்வகை லென்ஸ்கள் பற்றிய 17 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கண் அயர்ச்சியைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிட இவை குறுகிய காலத்தில் எந்த வகையிலும் மேலாகத் தெரியவில்லை. பிரிட்டனில் ஒரு பெரிய கண்ணாடிக்கடை நிறுவனம் இந்த லென்ஸை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததற்காக 2017-இல் 40,000 பவுண்டு அபராதம் கட்டியிருக்கிறது.

லென்ஸை விட்டுவிட்டு ஒளியை அளந்து பார்ப்போம். செல்போன் திரை ஏழு சென்டிமீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பிரகாசத்தை மேலே ஏற்றி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஓர் அடி தூரத்தில் பிடித்தால் முகத்தில் விழுவது 50, 60 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பத்துக்கும் கீழே போய்விடும். சோளக்காட்டுச் சந்தையில் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடிய நாளிலும் பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடி நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் தேறும்.

வெளிச்சம் அதிகம்தான், நீலம் அதிகமா என்று கேட்கலாம். திரையில் வெள்ளை என்றால் எந்த வெள்ளை என்பதற்கு ஒரு தரநிலை உண்டு. நண்பகல் ஒளியை ஒத்த 6,500 கெல்வின் வெள்ளைதான் அது. திரையைச் செய்தவர்களே பகலைப் பார்த்துத்தான் நிறம் கலந்திருக்கிறார்கள். ஆகவே நீலத்தின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அளவில்தான் திரை நூற்றில் ஒரு பங்கு, சில வேளை ஆயிரத்தில் ஒரு பங்கு.

மலையின் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் காற்று மூலக்கூறுகள். 450 நானோமீட்டர் நீலத்தை அவை 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் மலையே நீலமாகத் தெரிவதும் அதனால்தான், இடையில் உள்ள காற்று நீலத்தைப் பூசிவிடுகிறது. மலைவாசி ஒருவர் பிறந்தது முதல் இந்த நீலத்துக்கு அடியில்தான் வாழ்ந்திருக்கிறார். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் 2016-இல் விளக்குகள், கணினிகள், டேப்லெட்டுகள், செல்போன்கள் எல்லாவற்றையும் அளந்து, சர்வதேசப் பாதுகாப்பு வரம்போடும் நீல வானத்தோடும் ஒப்பிட்டார்கள். நெடுநேரம் பார்த்தாலும் அந்த வரம்பை எந்தத் திரையும் நெருங்கவில்லை.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து முளைத்தது? அதற்கு ஒரு நேர்மையான வரலாறு உண்டு. 1966-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வெர்னர் நோயல், ஆய்வகத்தின் சாதாரண வெளிச்சத்திலேயே ஓய்வில்லாமல் வைத்த எலிகளின் விழித்திரை சிதைவதைக் கண்டார். 1976-இல் வில்லியம் ஹாமும் கூட்டாளிகளும் ரீசஸ் குரங்குகளின் கண்ணுக்குள் வெவ்வேறு நிற லேசர்களைச் செலுத்தினார்கள். எல்லாவற்றிலும் குறைந்த ஆற்றலில் காயம் செய்தது 441 நானோமீட்டர் நீலம். சூடு பட்டு வெந்த காயம் அல்ல அது, ஒளி தூண்டிய வேதிவினையால் ஏற்பட்டது. இன்று நாம் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்புகளுக்கு அடித்தளம் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழித்திரையில் குவிக்கப்பட்ட லேசரையும் வாட்ஸப் படிப்பதையும் ஒரே தட்டில் வைத்தால் தராசு என்ன செய்யும்?

2018-இல் அப்படித்தான் ஆயிற்று. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் அஜித் கருணாரத்னவின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. விழித்திரையில் உள்ள ரெட்டினல் என்ற மூலக்கூற்றின் மீது நீல ஒளி பட்டால் அது செல்களுக்கு நஞ்சாக மாறுகிறது என்பது முடிவு. 'செல்போன் கண்ணைக் குருடாக்கும்' என்று உலகம் முழுக்கத் தலைப்புகள் பறந்தன. ஆய்வில் பயன்பட்டவற்றில் முக்கியமானவை ஹீலா செல்கள், கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து வளர்க்கப்பட்டவை. ஒளியைக் காணும் வேலையே இல்லாத அந்தச் செல்களுக்கு ரெட்டினலை வெளியிலிருந்து சேர்த்து, ஒளியை நேரே அடித்தார்கள். உயிருள்ள கண்ணில் ரெட்டினலைக் கட்டிப்பிடித்து வைக்கும் புரதங்கள் இருக்கின்றன. விழித்திரையின் நடுவில் லூட்டின் என்ற மஞ்சள் நிறமி நீலத்தை உறிஞ்சிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறது. நாம் தின்னும் கீரையிலிருந்து போய்ச் சேர்வதுதான் அது. இவை எதுவும் அந்த ஆய்வகத் தட்டில் இல்லை. வேதியியல் ஆய்வாக அதைப் படித்திருக்கலாம். எச்சரிக்கைப் பலகையாகத் தூக்கி நிறுத்தியது தலைப்பு எழுதியவர்கள்.

நீல ஒளி நிஜமாகவே கண்ணைப் புண்ணாக்கும் இடங்கள் நாமக்கல்லிலேயே உண்டு. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் பகலெல்லாம் வெல்டிங் பொறி தெறிக்கிறது. முகமூடி இல்லாமல் பார்த்தவனுக்கு இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். அது புற ஊதா ஒளி கருவிழியின் மேல்தோலைச் சுட்டது, ஓரிரு நாளில் ஆறிவிடும், தாய்ப்பால் விடும் கைவைத்தியத்தால் தொற்று சேராமல் இருந்தால். ஆறாத ஆபத்து பின்னால் இருக்கிறது. அந்த ஒளியில் உள்ள நீலம் விழித்திரை வரை போகக்கூடியது. சூரியனும் அப்படியே. 2019 டிசம்பர் 26 அன்று கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளையச் சூரிய கிரகணம் கடந்தபோது வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று அரசும் அறிவியல் இயக்கங்களும் கத்தியதற்குக் காரணம் இதே வேதிவினைதான். ப்ளூ கட் லென்ஸை நம்பி இந்த இரண்டையும் பார்ப்பது மடமை.

ஆனால் மூன்று மணி நேரம் போன் பார்த்தால் கண் எரிகிறதே? எரியும். ஜப்பானில் சுபோட்டாவும் நகமோரியும் 1993-இல் எண்ணிப் பார்த்தார்கள்: சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு சராசரியாக 22 முறை இமைக்கிறார், புத்தகம் படிக்கும்போது 10 முறை, கணினித் திரையின் முன் 7 முறை. இமை மூடித் திறக்காவிட்டால் கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகும். திரை நீலமாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் கதை ஒன்றுதான். இதற்கு மேல் இதில் சொல்ல ஏதுமில்லை, அடிக்கடி இமைக்கவும் தூரத்தில் பார்க்கவும் வேண்டும், அவ்வளவே.

இனி நாமக்கல்லுக்கே உரிய ஒரு சாட்சியைக் கூப்பிட வேண்டும்: கோழிக்குஞ்சு. முட்டைக்குப் பேர்போன இந்த ஊரில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், கிட்டப்பார்வை பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பங்கு கோழிக்குஞ்சுகளின் கண்ணிலிருந்து கற்றது என்பது. நியூயார்க் சிட்டி கல்லூரியின் ஜோஷ் வால்மனும் கூட்டாளிகளும் 1978-இல், பொரிந்த குஞ்சுகளின் பார்வையை மூடிகளால் மறைத்து வளர்த்தார்கள். சில வாரங்களிலேயே அவற்றுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. கண்ணுக்கு நோய் எதுவும் இல்லை, கண் முன்பின்னாக நீண்டுவிட்டது. மனிதரிலும் கிட்டப்பார்வை பெரும்பாலும் இதுதான். கண்ணின் நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் பவர் ஏறும். அதுவரை 'அப்பாவுக்குக் கண்ணாடி, அதனால் பிள்ளைக்கும்' என்று பரம்பரையில் முடிந்துபோயிருந்த விஷயம், இங்கே வேறு பக்கம் திரும்பியது. வளரும் கண் தான் காண்பதைப் பார்த்து எவ்வளவு வளர்வது என்று முடிவு செய்கிறது.

1989-இல் இன்னொரு துப்பு. இப்படி மூடி வைத்த குஞ்சுக் கண்களில் டோபமைன் என்ற வேதிப்பொருள் பகலில் குறைந்திருந்தது. வெளிச்சம் பட்டால் விழித்திரை சுரப்பது அது. 2009-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ரீகன் ஆஷ்பியும் ஃபிராங்க் ஷேஃபலும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். மூடி போட்ட குஞ்சுகளை 500 லக்ஸ் அறை வெளிச்சத்தில் வைக்காமல், 15,000 லக்ஸ் வெளிச்சத்தில் தினமும் சில மணி நேரம் வைத்தால்? கண் நீள்வது கணிசமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு, டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கண்ணில் செலுத்தியதும் அந்தப் பாதுகாப்பு மறைந்துவிட்டது. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்கச் செய்கிறது, அது கண்ணிடம் 'போதும், நீளாதே' என்கிறது. கோழி சொன்ன செய்தி இவ்வளவுதான்.

மனிதக் குழந்தைக்கு அது பொருந்துமா? சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயது சீன வம்சாவளிக் குழந்தைகளை 2008-இல் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் ஒரே வம்சம். சிங்கப்பூரில் 29.1 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிக் குழந்தைகள் படிப்பில் சோம்பேறிகள் என்றுதானே நினைப்போம்? அவர்கள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிதும் வேறுபட்டது இது: வாரத்துக்கு அவர்கள் வெளியில் இருந்தது ஏறக்குறைய 14 மணி நேரம், சிங்கப்பூரில் 3 மணி நேரம். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டு கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5. இந்த முடிவு வெளியான ஆண்டு 2015.

நம் நாட்டிலும் தடம் இருக்கிறது. 2002-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் கிராமப்புறக் குழந்தைகளிடம் கிட்டப்பார்வை 4.1 சதவீதம், டெல்லி நகரக் குழந்தைகளிடம் 7.4. டெல்லிப் பள்ளிகளில் எடுத்து 2015-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் அது 13.1. அந்தக் கணக்கெடுப்பிலும் வெளியில் விளையாடும் குழந்தைகளுக்கு வாய்ப்பு குறைவாகவே இருந்தது. திரையைக் கூடுதலாகப் பார்த்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்தான். ஆனால் திரையின் முன் இருக்கும் குழந்தை கூரைக்குக் கீழே இருக்கிறது, கண்ணுக்கு 25 சென்டிமீட்டரில் எதையோ பிடித்துக்கொண்டு 4 டயாப்டர் அளவுக்கு லென்ஸைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறது. திரை கொடுக்கும் ஒளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அது பறித்துக்கொள்ளும் ஒளியை நாம் கவனிக்காமல் விட்டோம் என்பதுதான் என் வாதம்.

2021-இல் கோவிட் இரண்டாம் அலையில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் வட்டாரத்தில் மாணவர்கள் ஆலமரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனித்த படம் செய்தியானது. கீழே சிக்னல் இல்லை. விழுந்தால் எலும்பு முறியும் என்ற பயத்தை ஒதுக்கிவிட்டு (ஒதுக்கக்கூடாத பயம் அது) கண் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். கையில் சின்னத் திரை, மிக அருகில், அது கெட்டது. சுற்றிலும் இலை வழியே வடியும் சில ஆயிரம் லக்ஸ், தலையைத் தூக்கினால் கண்ணுக்கு எட்டாத தூரம், இவை நல்லவை. அதே நேரத்தில் சென்னையில் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, 200 லக்ஸ் அறையில், ப்ளூ கட் கண்ணாடியோடு பெரிய லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த குழந்தையைவிட, கிட்டப்பார்வைக் கணக்கில் இந்த மரத்துப் பிள்ளைகள் மேலான இடத்தில் இருந்தார்கள். இதனால் மலை தானாகக் காப்பாற்றிவிடும் என்று பொருளில்லை. செம்மேட்டில் ட்யூப்லைட் அறைக்குள் காலை முதல் மாலை வரை அடைந்து கிடக்கும் விடுதிப் பிள்ளையின் விழித்திரைக்கு, வெளியே கொல்லிமலை இருப்பது தெரியவே தெரியாது.

இரவுக்கு வருவோம். நீல ஒளி பற்றிய பேச்சில் உண்மை அதிகம் இருப்பது இங்கேதான், பண்ணைக்காரர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி விளக்குப் போடுகிறார்கள். பகல் நீண்டிருக்கிறது என்று நம்பிக் கோழி முட்டையிடுகிறது. கோழிக்கு மண்டையோட்டின் வழியாகவே மூளைக்குள் ஒளியை உணரும் செல்கள் உண்டு. நமக்குக் கண் ஒன்றுதான் வழி. 1998-இல் இக்னாசியோ ப்ரொவென்சியோ தவளையின் தோலில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கண்டுபிடித்தார். 2002-இல் டேவிட் பெர்சனின் குழு, பாலூட்டிகளின் விழித்திரையில் அந்த நிறமி கொண்ட சில செல்கள் படம் பார்ப்பதற்காக அல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காக இருப்பதைக் காட்டியது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம்தான் அவற்றை அதிகம் உசுப்புவது. உசுப்பினால் உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும்.

2015-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆன்மேரி சாங் குழு 12 பேரை ஐந்து இரவுகள் தூங்கப்போகும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் கருவியில் படிக்கவைத்தது, வேறு ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகம். ஒளிரும் கருவி மெலடோனின் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. தூக்கம் வரத் தாமதமானது சுமார் 10 நிமிடம். நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் படித்ததற்கு 10 நிமிடம்! அந்த ஆய்வில் பகலெல்லாம் அவர்கள் ஆய்வகத்தின் மங்கலான அறைகளில் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. அடுத்த ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில் 14 பேரைப் பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் வைத்து, இரவில் இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படிக்கவைத்தார்கள். மெலடோனினிலும் தூக்கத்திலும் அச்சுப் புத்தகத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பகலால் வயிறு நிரம்பிய கண்ணை இரவுத் திரை அவ்வளவாக அசைக்கவில்லை. திரையை மஞ்சளாக்கும் 'நைட் மோட்' வசதியை 167 இளைஞர்களிடம் 2021-இல் சோதித்தபோதும் தூக்கத்தில் பெரிய லாபம் இல்லை. இரவு பதினொரு மணிக்கு விழித்திருக்கச் செய்வது ஒளியைவிட அதில் ஓடும் ரீல்ஸ் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

குழந்தையோடு கணக்கு முடிவதில்லை. வயது ஏற ஏறக் கண் லென்ஸ் தானாகவே மஞ்சளாகிக்கொண்டு போகிறது. கடைக்காரர் விற்பதைவிடக் கெட்டியான ப்ளூ கட் அது, இலவசமாக வருகிறது. அறுபது, எழுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் நீலம் இளமையில் போனதில் சிறு பங்குதான், உடலின் கடிகாரத்துக்கும் பகல் போதாமல் போகிறது. அதன்மேல் கண்புரையும் சேர்ந்தால் இன்னும் மங்கும். மலையில் ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதா ஒளி சுமார் பத்து சதவீதம் கூடுகிறது, புரைக்கு அது ஒரு காரணம். ஆகவே தோட்டத்தில் குனிந்து வேலை செய்பவருக்குத் தொப்பியும் நல்ல கூலிங்கிளாஸும் போடச் சொல்வது வீண் பயம் அல்ல. புரை எடுத்து உள்ளே செயற்கை லென்ஸ் வைத்த மறுநாள் வீட்டுச் சுவர் நீலம் பூத்திருக்கிறது என்று பலர் சொல்வார்கள். சுவர் மாறவில்லை, வருடக்கணக்கில் தடைபட்டிருந்த நீலம் திரும்ப வந்திருக்கிறது.

மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப், அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனம், இந்த லென்ஸ்களின் விலையை ஏழைக்கு எட்டும்படி இறக்கியது. இப்போது சந்தையில் நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் நிற லென்ஸ்களும் விற்கின்றன, விழித்திரையைக் காக்கும் என்ற பேச்சோடு. 2018-இல் காக்ரேன் அமைப்பு அவற்றைப் பற்றிய 51 சோதனைகளைப் பார்த்தது. விழித்திரையின் மையத்தை அவை காக்கின்றன என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கீழே இறங்கிப் புரை எடுத்துக்கொள்ள வரும் மலைக்கிழவிக்கு நிறமில்லாத லென்ஸே போதும். புற ஊதாவைத் தடுக்கும் பொருள் அதிலும் கலந்துதான் இருக்கிறது.